கண்ணைக் கட்டிக்கொண்டு எடுத்த மூன்று சாமான்கள்

தொழிலாளர் நீதிமன்றத்தில் பணிநீக்க வழக்கில் மனுதாரர் தரப்புச் சாட்சி சொன்னது, சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

வயது ஐம்பத்தெட்டு. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இரண்டாம் வரிசை, மாடியில் கடைசிக் கதவு. பதிவேட்டில் உள்ள பெயரை எழுத்தர் குறித்துக்கொண்டார்; பணிமனையில் கம்ப்யூட்டர் என்று கேட்டால்தான் என்னைக் காட்டுவார்கள். படிப்பு எட்டாம் வகுப்பு, அதில் கணக்கு வாத்தியாரே என்னிடம் சந்தேகம் கேட்பார். உதிரிபாகக் கிடங்கில் முப்பத்தொரு வருடமாகப் பொறுப்பாளர். மனுதாரர் என் அக்கா மகள். அதே கிடங்கில் ஒன்பது வருடம் சீட்டு எழுத்தராக இருந்தாள். அவள் கணவர் முதுகில் அடிபட்டுப் படுக்கையில் இருப்பதால் அந்த வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

சென்ற மார்ச் பத்தாம் தேதி காலை புது மேலாளர் கிடங்கைப் பார்வையிட வந்தார். வந்தவர் என்னிடம், "இங்க எதுக்கு ரெண்டு பேரு?" என்று கேட்டார். மெக்கானிக்குகள் ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். எண்ணினீர்களா என்று நீதிமன்ற அதிகாரி கேட்பதால், ஏழு பேர். அவர்கள் முன்னால் நான், "நான் ஒருத்தன் போதும் சார். கண்ணக் கட்டி விட்டாலும் நாலாயிரம் சாமானையும் எடுத்துக் குடுப்பேன்" என்றேன். மனுதாரர் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். நான் காலை நகர்த்திக்கொண்டேன். அதன் பிறகு மேலாளர் தன் கைக்குட்டையால் என் கண்ணைக் கட்டி, ஃபேன் பெல்ட், ஆயில் ஃபில்டர், முன்விளக்கு பல்பு என்று மூன்று கேட்டார், மூன்றையும் நான் ஒரு தட்டுத் தடுமாறல் இல்லாமல் கொண்டுவந்து வைத்தேன். கை தட்டினார்கள். அதன் பிறகு மேலாளர் தன் அறிக்கையில் "ஒருவர் போதும்" என்று எழுதியதாகவும், இரண்டு மாதம் கழித்து அதைக் காட்டியே மனுதாரரின் பணியிடம் தேவைக்கு அதிகம் என்று கடிதம் கொடுத்ததாகவும் அறிகிறேன். அவளைக் கூப்பிட்டு யாரும் பேசவில்லை, வேறு பிரிவில் வேலை இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை.

அந்த மூன்றும் தினமும் இருபது தடவை எடுக்கிற சாமான்கள். மற்றவற்றுக்குப் பெட்டியில் ஒட்டிய எண்ணைப் படிக்க வேண்டும். ஐந்து வருடமாக எனக்கு அந்த எண்கள் தெரிவதில்லை. ஆறும் எட்டும் ஒன்றுபோல் இருக்கும், இடது கண்ணில் அதுவும் இல்லை. மெக்கானிக்குகள் சாமான் கேட்டுக் கொண்டுவரும் ஒவ்வொரு சீட்டையும் மனுதாரர் உரக்கப் படிப்பாள். கிடங்கின் விதி அது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். நான் அலமாரித் தட்டைத் தடவி எடுத்து வருவேன், அவள் எண்ணைச் சரிபார்த்துக் கொடுப்பாள். இதை நாங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதுகூடக் கிடையாது.

அவள் போன பதினாறாம் நாள் நான் ஒரு வண்டிக்கு பிரேக் லைனிங் கொடுத்தேன். மெக்கானிக் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, கம்ப்யூட்டர்ல வைரஸ் பூந்துருச்சா? இது சின்ன வண்டிக்குள்ளது" என்றார். சிரித்தோம். அந்த வண்டி பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி. அவர் கவனிக்காமல் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அதன் பிறகு மேலும் நான்கு தடவை தவறு நடந்தது. அதன் பிறகு மேலாளர் ஒப்பந்தத்தில் ஓர் அம்மாவைக் கொண்டுவந்து "பொருள் சரிபார்ப்பாளர்" என்று பெயர் போட்டு, மனுதாரர் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார வைத்தார். அந்த அம்மா சீட்டைப் படிக்கிறார், எண்ணைச் சரிபார்க்கிறார். வேறு வேலை எதுவும் செய்து நான் பார்க்கவில்லை.

இன்று காலை வராந்தாவில் மனுதாரர் என்னிடம், "மாமா, கண்ணு விஷயத்த மட்டும் சொல்லிடாதீங்க. ஓய்வுக்கு ரெண்டு வருஷம்தான். உங்களையும் அனுப்பிடுவாங்க" என்றாள். நான், "போடி, என்னை அனுப்ப இனிமே ஒருத்தன் பொறந்து வரணும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

நிர்வாகத்தின் வக்கீல் குறுக்கே, அப்படியானால் மேலாளரிடம் சொன்னது பொய்யா என்று கேட்டார். பொய்தான். நான் ஒருவன் போதாது. அந்தக் கிடங்கில் இருவரில் ஒருவர் தேவைக்கு அதிகம் என்று நிர்வாகம் இன்னும் சொல்லுமானால், அது அவள் இல்லை, நான். இதை அடித்து நீக்க வேண்டாம், இப்படியே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

மேலே கண்டவை யாரும் சொல்லிக் கொடுக்காமல் என் வாயால் சொன்னவை. வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. எழுத்தர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ஒப்பமிட்டேன்.

(ஒப்பம்)
கிடங்குப் பொறுப்பாளர்