ஏழாம் எண் வடிதாள்

வெளிநாடு போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஊறுகாயை நம்பிப் பெட்டியில் வைக்காதீர்கள். அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் வழியிலேயே கசிந்து என் நான்கு சட்டைகளைப் பாழாக்கிவிட்டது. நல்லவேளையாக ஆய்வு மாதிரிகளைக் கைப்பையில் வைத்திருந்தேன்.

மாதிரிகள் என்றால் பன்னிரண்டு வடிதாள்கள். விருத்தாசலம் பீங்கான் கம்பெனிகளில் வேலை செய்யும் பன்னிரண்டு பேரின் தோளில் ஒரு ரூபாய்க் காசளவு தாளைப் பொருத்தி, இடுப்பில் சிறு பம்பு கட்டி, ஒரு ஷிப்டு முழுக்க அவர்கள் மூச்சில் இழுக்கும் தூசியைப் பிடித்தேன். ஆளுக்கொரு மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தேன். இதற்காகத்தான் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் என்னைப் பத்து வாரக் கோடைக்கால ஆய்வுக்கு அழைத்தது. பங்குச்சாமியார் ஞாயிறு பூசையில் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார்.

ஏழாம் எண், சிந்தாமணி அக்கா. எங்களுக்கு அடுத்த தெரு. வெள்ளைக்கல்லை அரைக்கும் மெஷினில் பதினோரு வருடமாகக் கல் கொட்டுபவர். பம்பைக் கட்டும்போது, "என்னா ஜெரினு, மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி கட்டுற? நான் எங்க ஓடிப்பூடப் போறேன்?" என்றார்.

ஜெர்மனி போன மூன்றாம் வாரம் முடிவு வந்தது. பன்னிரண்டில் ஏழாம் தாள்தான் அழகு. தூசி, அனுமதித்த வரம்பைப்போல ஒன்பது மடங்கு. என் பேராசிரியை மருத்துவம் படித்தவர். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, நுரையீரலில் கல்தூசு தங்கத் தொடங்கிவிட்டது, இப்போதே விலகினால் பல வருடம் வாழலாம், இன்றே சொல்லிவிடு என்றார். அதே ஆளிடம் அடுத்த ஆண்டும் ஒரு தாள் எடுக்க முடிந்தால் அபூர்வமான ஆய்வாக இருந்திருக்கும், ஆனால் அது கூடாது என்றும் சொன்னார். முதல் பாதியை விட இரண்டாம் பாதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அன்றே வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். சொல்வதற்காகத்தான் கூப்பிட்டேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அக்கா முந்திக்கொண்டார்.

"தம்பி, சூப்பரைசரு வெற்றிவேலு என்னைய பேக்கிங்குக்கு மாத்துறேன்னாரு. பொம்மைக்குப் பேப்பரு சுத்துற வேல. குந்திக்கிட்டே செய்யலாம். இந்த இருமலுக்கு அது தேவலாம்ல?"

பேக்கிங் கொட்டகையில் தூசி கிடையாது. அங்கே போனால் அவர் ஏழாம் எண்ணாக இருக்க முடியாது. ஒரே ஆள், ஒரே இடம், ஒரே வேலை: இது நான் போட்ட விதி அல்ல.

"ஒரு வருசம் மெஷின்லயே இருங்கக்கா. உங்க தாளைத்தான் இங்க எல்லாரும் பாக்குறாங்க."

"என் தாளையா? ஜெர்மனிலயா? பத்தாவதுல நான் எளுதுன தாளையே ஒருத்தனும் பாக்கல." சிரிப்பு இருமலாக மாறி அடங்கும்வரை காத்திருந்தேன். "செரி, நீ சொன்னா செரி. இருமலுக்கு ஒண்ணும் இல்லியே?"

"பனிதாங்கக்கா."

விருத்தாசலத்தில் அது ஜூன் மாதம் என்பது ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. அவர் மறுத்துப் பேசவில்லை. படித்தவன் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

பேராசிரியை கேட்டபோது, பேசினேன், மெஷினிலேயே தொடரச் சம்மதித்துவிட்டார் என்றேன். இரண்டும் உண்மை. அவர் முகம் மாறியது. எழுத்தில் வேண்டும் என்றார். நோயின் விவரம் தனக்குச் சொல்லப்பட்டது, தெரிந்தே தொடர்கிறேன் என்று அக்கா சொல்வதுபோல ஆங்கிலத்தில் ஒரு பக்கம் தயாரித்து அவருக்கு அனுப்பினேன். அக்கா கையெழுத்துப் போட்டுப் படம் பிடித்து அனுப்பிவிட்டார். தமிழில் அனுப்பியிருக்கலாம். மொழிபெயர்க்க நேரம் இல்லை. அக்காவின் துணிச்சலைப் பற்றி ஆய்வகத்தில் இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஏப்ரலில் இரண்டாம் தாள் எடுத்தேன். அக்காவுக்குப் பம்பின் எடை தாங்கவில்லை. நானே அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஷிப்டு முடியும்வரை மெஷின் பக்கத்தில் நின்றேன். நல்ல முகக்கவசம் ஒன்றை ஜெர்மனியிலிருந்து வாங்கி வந்திருந்தேன். அதை நான் போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் கோடையிலும் அழைத்தார்கள். என் உரைக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். அதே வாரம் அக்கா இறந்தார். அவர் மகள் சந்திரலேகா அம்மாவின் ஃபோனில் அந்த ஆங்கிலப் பக்கத்தைக் கண்டு, படித்துப் புரிந்துகொண்டு, புகாரோடு உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். கெட்டிக்காரப் பெண்.

ஆம், தெரிந்துதான் செய்தேன். பேக்கிங்குக்குப் போயிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அது ஊரில் எனக்கு மட்டுமே தெரியும்படி பார்த்துக்கொண்டவனும் நான்தான்.

சந்திரலேகாவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். கட்டுரையில் அவள் அம்மாவின் பெயர் எங்கும் இல்லை, எண் மட்டும்தான். ஆய்வில் பங்கேற்கிறவர்களுக்கு என்னால் ஒரு சிறு தீங்கும் வந்துவிடக் கூடாது என்பதில் நான் எப்போதும் கண்டிப்பானவன்.