கடைசி மூணு கட்டை

மனைவி: காது டெஸ்ட்டுங்க இது, சத்தம் கேட்டா கையத் தூக்கணும். தலைய ஆட்டக்கூடாது.

கணவன்: சரிங்க டாக்டரம்மா. வீட்ல ஆட்டி ஆட்டிப் பழகிடுச்சு...

மனைவி: கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்தாலும் வாய் ஓயலை பாருங்க. இது அரை கிலோஹெர்ட்ஸ்.

கணவன்: கேக்குது. அதென்ன கிலோ... கத்தரிக்காயா வாங்குறோம்? ஐநூறு ஹெர்ட்ஸ்னு சொல்லேன்.

மனைவி: ஏன், ஆயிரத்தால பெருக்க வராதா?

கணவன்: வரும். ஆனா பியானோ ட்யூன் பண்றவனுக்கு ஹெர்ட்ஸ்தான் ருசி. நடுக்கட்டை ஒண்ணு இருக்கு, நானூத்தி நாப்பது. கம்பி நொடிக்கு நானூத்தி நாப்பது தடவை அதிருது. எவ்ளோ கம்பீரம்! அதப் போயி சைபர் புள்ளி நாலு நாலு கிலோன்னா... இளைச்சுப்போன மாதிரி இல்ல?

மனைவி: அதிர்றது அதேதான். ஆயிரத்தால வகுத்துட்டா கம்பி களைச்சுப் போயிடுமா? இப்ப ரெண்டு.

கணவன்: ரெண்டாயிரம். கேக்குது.

மனைவி: நாலு.

கணவன்: ...

மனைவி: ஏங்க, நாலு.

கணவன்: ஆங்... நாலாயிரம். கேக்குது, கேக்குது.

மனைவி: எப்படி இருக்கு?

கணவன்: சன்னமா... ஊசி மாதிரி.

மனைவி: இப்ப?

கணவன்: இப்பவும்தான்.

மனைவி: இப்ப நான் சத்தமே வைக்கலைங்க. சும்மா பட்டன் மேல விரல வச்சேன். விரலப் பாத்துத்தானே கையத் தூக்குனீங்க?

கணவன்: கட்டின பொண்டாட்டி விரலு. பாக்கக்கூடாதா?

மனைவி: மழுப்பாதீங்க. நாலு கிலோஹெர்ட்ஸ் உங்க பியானோவுல எங்க வருது?

கணவன்: வலது பக்கம்... கடைசி மூணு கட்டை.

மனைவி: எப்பலேர்ந்து கேக்கலை?

கணவன்: கொஞ்ச நாளா... ஆனா இதுவரைக்கும் ஒரு வீட்லயும் குறை சொன்னதில்ல, தெரியுமா!

மனைவி: எப்படிச் சொல்லுவாங்க? நீங்க போற வீட்லயெல்லாம் கம்பி முறுக்குற திருகுசாவிய மறந்து வச்சிட்டு வந்துடுறீங்க. அத எடுத்துட்டு வர்றேன்னு உங்க தம்பி போறாரில்ல...

கணவன்: ஆமா, போறான்.

மனைவி: போயி, அந்த மூணு கட்டையையும் சரி பண்ணிட்டு வர்றாரு. உங்ககிட்ட கத்துக்கிட்ட வேலைதானே. "அண்ணனுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு, சொல்லிடாதீங்க அண்ணி"ன்னு என் வாயக் கட்டிட்டாரு. என்னங்க... கோவமா?

கணவன்: அட பைத்தியமே... இத்தனை வருஷத்துல நான் எப்பவாச்சும் சாவிய மறந்திருக்கேனா? அவன் அங்க போக ஒரு சாக்கு வேணாமா?