கதவு மூடியிருக்கிறது

எனக்குத் தேநீரில் பால் பிடிக்காது. நீங்கள் ஊற்றிவிட்டீர்கள், பரவாயில்லை சார்ஜென்ட், குடிக்கிறேன்.

என் பெயர் லீத் பாஸ்கோ. டார்வின் நகரிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கும் மெர்வ் ஹாட்லியின் முதலைப் பண்ணையில் கதவுகளையும் பம்புகளையும் ஒரு கணினிதான் பார்த்துக்கொள்கிறது. அதன் கர்னலை எழுதியவன் நான். கர்னல் என்றால் ராணுவ அதிகாரி இல்லை, கணினியின் அடிப்படை நிரல். இதை மெர்வுக்கும் சொல்லியிருக்கிறேன், பலமுறை.

மெர்வ் நல்ல மனிதர். சம்பளம் தாமதித்ததில்லை. ஒரே குறை, எந்தப் பதிலும் அவரிடம் தங்காது.

“நொலீன், கவுன்சிலர் கதவு மூடியிருக்கா?”

கவுன்சிலர் என்பது ஐந்து மீட்டர் முதலை. நொலீன் அதற்கு இருபது வருஷமாகத் தீனி போடுகிறவள்.

“மூடியிருக்கு மெர்வ். இப்பத்தானே சொன்னேன்?”

“இப்பவும் மூடியிருக்கா?”

“யோவ், உன் பொண்டாட்டிகிட்டகூட இத்தனை தடவ சம்மதம் கேட்டிருக்க மாட்டே.”

அவள் சிரித்துக்கொள்வாள். எனக்கு அது வராது. ஒரு செவ்வாய்க்கிழமை எண்ணினேன், அறுபத்தொரு தடவை கேட்டார். கவுன்சிலர் கடித்ததில் அவருடைய இடது காலில் மிச்சம் மூன்று விரல்கள்தான், அந்தப் பயம் என்றார்கள். விரல்கள் போய்விட்டன. அதோடு அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்பது என் எண்ணம்.

பிறகு கதவு மூடியிருக்கிறதா என்று கணினியையும் கேட்கவைக்கச் சொன்னார். வினாடிக்கு ஆயிரம் தடவை. மூடியிருந்தால் வெளியே பச்சை விளக்கு எரிய வேண்டும். செய்துகொடுத்தேன்.

செயலி எதையும் ஒருமுறை படித்தால் தன் பக்கத்தில் ஒரு நகல் வைத்துக்கொள்ளும். பதுக்கு நினைவகம் என்பார்கள். அடுத்த முறை தூரம் போகாமல் நகலையே பார்த்துக்கொள்ளும். கதவு போல மாறக்கூடியவற்றுக்கு மட்டும், ‘நகல் வேண்டாம், ஒவ்வொரு முறையும் நேரில் போய்க் கேள்’ என்று கர்னலில் ஒரு குறி வைக்க வேண்டும். நான் அந்தக் குறியை எடுத்தேன். அவ்வளவுதான்.

காலையில் கணினி எழுந்ததும் கதவை ஒரே ஒருமுறை கேட்கும். மூடியிருக்கிறது. அப்புறம் நாள் முழுக்கத் தன்னையே கேட்டுக்கொள்ளும். தொடாமல் விட்ட நகல் கொஞ்ச நேரத்தில் அழிந்துபோகும், அப்புறம் நேரில் போய்க் கேட்டாக வேண்டும். ஆனால் மெர்வ்தான் வினாடிக்கு ஆயிரம் முறை தொடச் சொல்லியிருந்தாரே. அதில் அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கதவை ஒரு சாண் திறந்து சோதித்தேன். பச்சை. எனக்கு இதமாக இருந்தது. வியாழக்கிழமை நொலீனுக்குப் பல் மருத்துவரிடம் நேரம் கொடுத்திருந்தார்கள். அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அதனால் வியாழனைத் தேர்ந்தெடுத்தேன். எட்டு ஐம்பதுக்குத் தாழ்ப்பாளைத் தூக்கிக் கதவை முழுவதும் திறந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்பதுக்கு மெர்வ் கையில் இறைச்சிப் பஃப்ஸோடு வந்தார். பம்புக்குப் போகும் பாதை, ஒரு வளைவு திரும்பியதும், அந்தக் கதவைத் தாண்டித்தான் போகிறது.

“லீத், மூடியிருக்குல்ல?”

“விளக்கப் பாருங்க மெர்வ்.”

பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். “பச்சை,” என்றார். “நீ இத மாட்டினதுக்கு அப்புறம்தான்ப்பா எனக்குத் தூக்கமே வருது. உங்க உசிர ரொம்ப வாங்கிட்டேன். இனிமே கேக்கமாட்டேன், போதுமா?”

பஃப்ஸைக் கடித்துக்கொண்டே நடந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

நொலீன் பாதி முகம் மரத்துப்போய் வந்தாள். முதலைக் குளத்தின் கரையில் ஒரு ரப்பர் செருப்பு மட்டும் கிடந்தது.

“கதவு தொறந்து கெடக்கு லீத்! நீ இங்கதானே இருந்தே?”

விளக்கைக் காட்டினேன். என்னை அறைந்தாள். நான் தடுக்கவில்லை.

“ஒரு சத்தம் குடுத்திருக்கலாமேய்யா,” என்றாள்.

அதை நானும் யோசித்தேன் சார்ஜென்ட். இனிமேல் கேட்கமாட்டேன் என்று அவர் சொன்னபிறகு எனக்கு அவர்மேல் எந்தக் குறையும் இல்லை. கதவுக்கு இன்னும் நாற்பது அடி இருந்தது, அவரும் மெதுவாக நடக்கிறவர். கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். எதற்கும் ஒருமுறை விளக்கைப் பார்த்துக்கொண்டேன். பச்சையாகத்தான் இருந்தது.