விசில் வராத வண்டி

கடலூரில் சிதம்பரம் பேருந்து ஏறினேன். எனக்கு முன் இருக்கையில் காக்கிச் சட்டையில் ஒரு டிரைவர், பக்கத்தில் கண்டக்டர் வேலை பார்க்கும் அவருடைய மச்சான். டிரைவர் பேச ஆரம்பித்ததும் நான் கைபேசியைப் பையில் போட்டுவிட்டேன்.

"இருபது வருஷமா பஸ் ஓட்டுறேன் மச்சான். இன்னிக்கு டிரெய்னிங்ல வண்டிய நவுத்தவே இல்ல."

"ஏன் மாமா, வண்டி ரிப்பேரா?"

"வண்டியே இல்ல. ரூமுக்குள்ள சீட்டு, ஸ்டீரிங், கியரு. எதுர பெரிய டிவியில ரோடு. ஏறி குந்திகினு கியரப் போட்டேன், அப்படியே இருக்கறேன். சார் வந்து, ஏங்க எடுக்கலன்னாரு. இன்னும் விசில் வரல சார்ன்னேன்."

"நெஜமாவா?"

"கிளாஸே சிரிச்சிது. சிரிச்சவன் எல்லாம் லாரிக்காரன். அவனுக்கு எவன் விசில் அடிக்கிறான்? அதுக்குள்ள டைம் முடிஞ்சிடுச்சி. திங்கக்கெழமை மறுபடியும் வரணுமாம். பாஸானாதான் நெஜ பஸ் ஸ்டீரிங்கத் தொடலாமாம்."

"நான் வேணா வந்து பின்னால நின்னு அடிக்கட்டா?"

"கேட்டுப் பாத்துட்டேன். அதுக்கு ரூல் இல்லியாம்."

புதுச்சத்திரம் வந்தது. "எறங்கு மாமா, நம்ம ஸ்டாப்பிங்" என்று மச்சான் முதலில் இறங்கினார். டிரைவர் எழுந்தார். அதற்குள் அந்தப் பேருந்தின் கண்டக்டர் டபுள் விசில் கொடுத்தார். காக்கிச் சட்டை டிரைவர் சட்டென்று உட்கார்ந்து, ஆக்ஸிலேட்டரை மிதிப்பதுபோல் வலது காலைத் தரையில் அழுத்தினார். பேருந்து கிளம்பியது. மச்சான் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"இத மட்டும் கரெக்டா எடுத்துட்டேன்" என்றார் டிரைவர், யாரையும் பார்க்காமல்.