நாலாவது சுவிட்ச்

எது கெட்டாலும் ஜனங்கள் முதலில் சுவிட்சைத்தான் சந்தேகப்படுகிறார்கள், ஐயா. பெரும்பாலும் அதன்மேல் குற்றம் இருக்காது. வளைகுடாவில் பதினேழு வருடம் விமானங்களுக்கு வயரிங் பார்த்தவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெர்வின் என் தங்கை வினோலியாவின் புருஷன். உவரியில் படகு கட்டுகிறவன். மூன்று வருடம் பாடுபட்டு, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்றை வீட்டுக் கொட்டகையிலேயே கட்டினான். வயரிங் முழுக்க நான். எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளுவது ஒரு மின்சாரப் பம்ப். அது நின்றால் சில நொடிகளில் எஞ்சினும் நின்றுவிடும்.

பம்ப் சுவிட்சுக்குப் போகும் வயரின் நுனியில் ஒரு பித்தளை முனையை மாட்டி அழுத்த வேண்டும். அதற்கென்று கருவி உண்டு. அன்று அது கையில் இல்லை, சாதாரணக் குறடால் அழுத்திவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிடிப்பு போதாத முனை சூடாகும். அந்தச் சூடு சுவிட்சுக்குள் ஏறி பிளாஸ்டிக்கை இளக்கும். கடைசியில் சுவிட்ச் போய்விடும், ஆட்கள் கடைக்காரனைத் திட்டுவார்கள்.

முதல் தடவை சுவிட்ச் போனபோது பம்பை ஓடவிட்டு மீட்டரை வைத்தேன். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. முனை பழுப்பேறி இருந்தது. ஜெர்வின் பக்கத்தில் நின்றான்.

"என்ன மச்சான், சுவிட்சுதானா?"

"சுவிட்சுதான் மாப்ள. மட்டச் சரக்கு."

என் கைத்தப்பை அவனிடம் எப்படிச் சொல்வது? முனையை அப்படியே விட்டுவிட்டுப் புது சுவிட்ச் மாட்டினேன். இரண்டு மாதத்தில் அதுவும் போனது.

ஊருக்குத் திரும்பிய பிறகு என் வீட்டுக் கதவைத் தட்ட ஆள் கிடையாது, ஐயா. ஜெர்வின் தட்டினான். பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போவான். வினோலியா சாளை மீன் பொரித்து வைப்பாள். மூன்றாவது சுவிட்சையும் அதே முனையில் மாட்டிக் கொடுத்தேன். எல்லாம் தரையில் ஓட்டிப் பார்க்கும்போது போனவைதான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

மூன்றாவதும் போனபோது ஜெர்வின் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"கோவிச்சுக்கிடாதீங்க மச்சான். பெங்களூர்ல இருந்து ஒரு இஞ்சினியர் அடுத்த வாரம் வாராரு. வயரிங்க முழுசா பிரிச்சுப் பாக்கணுங்காரு. நீங்களும் கூட இருங்க."

அந்த மனிதர் வந்தால் முனையைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகாது. அதற்கு முன்னால் விமானமே இல்லாமல் போவது எல்லோருக்கும் நல்லது என்று பட்டது. நாலாவது சுவிட்சை மாட்டும்போது முனையை இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். தரையில் கொஞ்ச நேரம் ஓட்டிச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. மேலே போய்ப் பத்து, பன்னிரண்டு நிமிடம் தாங்கும். அதற்குள் கடலுக்கு மேல் போயிருப்பான். ஜெர்வின் நன்றாக நீந்துவான். அதையும் யோசித்துத்தான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இரண்டு பேரும் ஊருக்கு வெளியே உள்ள ஓடுபாதைக்கு வந்தார்கள். வினோலியா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மற்ற இருக்கையில் ஏறினாள். கல்யாண நாளாம். எனக்கு அதுவரை தெரியாது. அவளுக்கு நீச்சல் வராது.

"அண்ணே, பயமா இருக்கு. ஒண்ணும் ஆவாதுல்ல?"

இறங்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று அவன் கேட்பான்.

"நான் பாத்துட்டேம்மா. பைய போயிட்டு வாங்க" என்றேன். பெல்ட் தளர்வாக இருந்தது. நானே இறுக்கிவிட்டேன்.

பதினோராவது நிமிடம் சத்தம் நின்றது. கரையில் இருந்தவர்கள் படகை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ஜெர்வினை உயிரோடு தூக்கினார்கள். வினோலியாவை வெளியே எடுக்கப் பெல்ட்டை அறுக்க வேண்டியிருந்தது.

ஆம், நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் என் பெயரைக் கேட்டாலே ஜெர்வின் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்கிறீர்கள். அதிர்ச்சியில் இருக்கிறான், ஐயா. தேறி எழுந்ததும் இன்னொரு விமானம் கட்டத்தான் போகிறான். வயரிங்குக்கு என்னைத் தேடித்தான் வருவான். அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?