உடம்பு நல்லா இருக்கறவனுக்கு லீவு இல்ல

குமணன்சாவடியில் பஸ் ஏறிய இருவரும் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவரும் பாடிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் நீலச் சட்டையில் இருந்தார்கள். ஜன்னலோரத்து ஆள் மடியில் ஓர் ஆஸ்பத்திரி ஃபைல்.

"உடம்பு நல்லா கீதுன்னு லீவு இல்லன்ட்டான் மாமே, சூப்ரவைசரு," என்றார் அவர். நான் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினேன்.

"அக்காவுக்கு கிட்னி குடுக்கப் போறன்னு சொன்னியா?"

"சொன்னேன். மெடிக்கல் லீவு நோயாளிக்குத்தானாம். இந்த ஃபைல்ல எல்லா டெஸ்ட்லயும் நான் நல்லா கீறேன்னுதான் எழுதிகீது. அப்டி எழுதினாத்தானே கிட்னியே எடுப்பாங்க."

"ஆபரேஷன் செலவு?"

"அத்த அக்காவோட இன்சூரன்ஸ் பாத்துக்கும். ஆனா மூணு மாசம் நான் வெயிட்டு தூக்கக் கூடாதாம். நம்ம வேலையே தூக்கறதுதான். அந்தச் சம்பளத்த எவன் குடுப்பான்? ஊட்டு வாடகைய யாரு கட்டுவா?"

"பேசாம ஒரு ஜுரம் வரவெச்சுக்கோ."

"ஜுரம் வந்தா ஆபரேஷனத் தள்ளி வெச்சுடுவாங்க மாமே."

இருவரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

"லீவு இல்லன்னு உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா கிட்னியே வேணாம்னுடும்."

வானகரம் தாண்டியதும் அவர் போன் அடித்தது.

"சொல்லுக்கா. லீவு குடுத்துட்டாங்கக்கா. மூணு மாசம், சம்பளத்தோட. பொய் இல்லக்கா, பக்கத்துல சேகரு கீறான், அவனையே கேளு."

போனை நண்பரிடம் நீட்டினார். சேகர் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அந்த ஃபைலையே பார்த்தார்.

"ஆமாக்கா," என்றார்.