சாய்ந்த பட்டன் யாருடையது?

இன்று நாம் விருது கொடுக்கும் சட்டையை கிம் லொவான் வடிவமைக்கவில்லை.

தலைவர் வின் ஐயா அவர்களே, இறால் தட்டுக்காகக் காத்திருக்கும் பெரியோர்களே, ஒற்றை ஊசியால் பிள்ளைகளைக் கல்லூரி வரை இழுத்துவந்த தாய்மார்களே, பாட்டுப் பாட மைக் எப்போது கிடைக்கும் என்று என்னை முறைக்கும் மாமாக்களே, தையற்கடை லாமின் வணக்கம்! வாழ்த்துரைக்குத்தான் என்னை அழைத்தார்கள். வாழ்த்தாமல் விடுவேனா?

பத்து வயதில் மித்தோவில் படகேறி, அகதி முகாமில் சாக்கைப் பாவாடையாக்கிய கிம் லொவானின் கைகளை வாழ்த்துகிறேன். நியூயார்க்கில் கடை கடையாக ஏறி, கடை கடையாக விரட்டப்பட்டும் கலங்காத கர்வத்தை வாழ்த்துகிறேன். துணி தெரிந்தவர், துணிவு உள்ளவர். யார் மறுப்பது?

ஆனால் அவரை உலகறியச் செய்தது எது? கழுத்திலிருந்து வலது அக்குளுக்குச் சாய்ந்து இறங்கும் பட்டன் வரிசை. அது பிறந்தது பாரிஸிலா? இல்லை. இங்கே, அகதிகளாய் வந்த நாம் குடியேறிய லிட்டில் சைகானில், தையல்காரி தூயெத் அக்கா வீட்டு கார் கொட்டகையில்!

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் கிம் லொவான் ஒரு சட்டையை வரைந்து, முந்நூறு தைக்கச் சொல்லிக் கொடுத்தார். கழுத்து இருந்தது, கை இருந்தது. திறப்பு எங்கே என்று வரைய மறந்துவிட்டார். தூயெத் அக்கா யோசிக்கவே இல்லை. நம் பெண்கள் உடுத்தும் நீள அங்கி, ஆவ்யாய், எங்கே திறக்குமோ, அங்கேயே திறப்பு வைத்து முந்நூறையும் தைத்து முடித்தார்.

கிம் லொவான் வந்து குதித்தார்: "அக்கா, கண்ணு அவிஞ்சு போச்சா? அமெரிக்காக்காரி கையைத் தூக்கிக்கிட்டா பட்டன் போடுவா?"

"வாசலே இல்லாம வீடு வரைஞ்சு குடுத்தா, நான் நம்ம ஊரு வாசலைத்தான்டி வைப்பேன்!"

சிரிக்கிறீர்களே, அன்று கொட்டகையில் இருந்த தாய்மார்களே! பிரித்துத் தைக்க நேரமில்லை. சட்டை நியூயார்க் போனது. அடித்துப் பிடித்து வாங்கினார்கள். பத்திரிகைக்கு இவர் என்ன சொன்னார்? தாய்நாட்டு மழை கனவில் சாய்வாகப் பெய்ததாம்! மழையாம், மழை! கொட்டகையில் அன்று ஒழுகியது உடைந்த குழாய்!

கனவு காணட்டும். காசு பார்க்கட்டும். நமக்கென்ன? ஆனால் போன திங்கட்கிழமை தூயெத் அக்காவின் கடைக்கு வக்கீல் கடிதம் வந்தது. சாய்ந்த பட்டன் கிம் லொவானுக்கே சொந்தமாம். இனி அந்தச் சட்டையைத் தைத்தால் வழக்காம். வேறென்ன விற்கிறது எங்களிடம்? அங்கே தைக்கும் நான்கு பெண்களும் நானும் அந்தச் சட்டையால்தான் சாப்பிடுகிறோம்.

"டேய் லாம், போதும்டா, எறங்கு!"

தூயெத் அக்கா, இன்று உங்கள் பேச்சைக் கேட்கப்போவதில்லை.

"தம்பி, இதையெல்லாம் பேசுற எடமா இது?" என்கிறார் விருது நாயகி. வேறெது இடம்? அம்மாக்களே, உங்கள் திருமண ஆவ்யாய் எங்கே திறந்தது? உங்கள் தாய்க்கு எங்கே திறந்தது? அத்தனை பேரின் அக்குளுக்கும் ஒருத்தி பட்டா போடலாமா?

பொறுத்துக் கேட்ட தலைவருக்கு நன்றி. கைதட்டியவர்களுக்கும் தட்டப் பயந்தவர்களுக்கும் நன்றி, வணக்கம்.

கிம் லொவான் அக்கா, இதோ அந்தக் கடிதம். உங்கள் மடியில் வைக்கிறேன். கிழியுங்கள்.

ஏன் கீழே பார்க்கிறீர்கள்? இத்தனை தாய்மார்கள் பார்க்கிறார்கள். கிழியுங்கள்.